மொன்சோனும் ஹாக்லரும் மோதினால்: கற்பனைக் குத்துச்சண்டையை ஒழுங்காக நடத்திப் பார்ப்பது எப்படி

சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்து கூட்டம் கலையும்போது கேட்டிருப்பீர்கள், இந்த வருடம் யார் கைக்கும் சிக்காமல் போன காளையை எப்போதோ ஓடிய ஒரு காளையோடு சேர்த்து நிறுத்தி, இதுவா அதுவா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டே போவார்கள். குத்துச்சண்டை பார்க்கிறவர்களுக்கும் இந்த ஆசை உண்டு. மிடில்வெயிட் (நடுத்தர எடைப் பிரிவு) என்றால் எனக்கு எப்போதும் இரண்டு பேர்தான்: அர்ஜென்டினாவின் கார்லோஸ் மொன்சோன், அமெரிக்காவின் மார்வின் ஹாக்லர். மொன்சோன் 1970 முதல் 1977 வரை சாம்பியன், 14 முறை பட்டத்தைக் காத்தவர். ஹாக்லர் 1980 முதல் 1987 வரை, 12 முறை. மூன்று வருட இடைவெளியில் ஒருவரை ஒருவர் தவறவிட்டுவிட்டார்கள். அந்தச் சண்டையை நாம்தான் நடத்த வேண்டும், ஆனால் வாய்க்கு வந்தபடி நடத்தக் கூடாது.

முதல் வேலை, எந்த வருடத்து ஆள் என்று முடிவு செய்வது. 'உச்சத்தில் இருந்தபோது' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் பிறகு ஆளாளுக்குத் தங்களுக்குப் பிடித்த இரவை எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் எடுத்துக்கொள்வது 1972-ன் மொன்சோன், 1983-ன் ஹாக்லர். 1977-ல் ரோட்ரிகோ வால்டெஸிடம் இரண்டாவது ரவுண்டிலேயே கீழே விழுந்து எழுந்து ஜெயித்த மொன்சோனையும், 1987-ல் சுகர் ரே லெனர்டிடம் தோற்ற ஹாக்லரையும் உள்ளே விடாதீர்கள், அவர்கள் வேறு மனிதர்கள். (மொன்சோன் 1988-ல் தன் மனைவியைக் கொன்று சிறைக்குப் போனவர். அதை மறைத்துவிட்டு அவர் புகழ் பாட எனக்கு மனமில்லை. இங்கே ரிங்குக்குள் இருக்கும் ஆளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.)

அப்புறம் ஒப்பந்தம். இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம், ஏனென்றால் பாதிச் சண்டை இங்கேதான் தீர்மானமாகிறது. எடை 160 பவுண்டு, அதாவது 72.5 கிலோ சொச்சம், இதில் பேச்சில்லை. ஆனால் ரவுண்டு எத்தனை? மொன்சோன் காலத்தில் பட்டச் சண்டை என்றால் 15. ஹாக்லரும் 1983-ல் ராபர்டோ டுரானோடு 15 ரவுண்டு ஆடினார், லெனர்டோடு ஆடியது 12. ரிங் எத்தனை அடி, கையுறை எத்தனை அவுன்ஸ், ஊர் எது, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். லெனர்ட் 1987-ல் 12 ரவுண்டு, 10 அவுன்ஸ் கையுறை, 20 அடி ரிங் என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தார், நீங்களும் அவ்வளவு கறாராக இருக்க வேண்டும். ரெஃபரியையும் மறக்காதீர்கள்: மொன்சோன் இடது கையை நீட்டி எதிராளியைத் தள்ளி வைப்பவர், அதைக் கண்டிக்கிற ரெஃபரியா, கண்டுகொள்ளாதவரா? நான் ஊரை மான்டி கார்லோ என்று வைத்து, 15 ரவுண்டு, கண்டுகொள்ளாத ரெஃபரி என்று எழுதிக்கொண்டேன்.

சரி, இப்போது ஆட்களைப் படிக்க வேண்டும். வெற்றி தோல்விக் கணக்கை ஓரமாக வையுங்கள். மொன்சோன் 87 வெற்றி, ஹாக்லர் 62 வெற்றி, இரண்டு பேருக்கும் மூன்றே தோல்வி. இதிலிருந்து ஒன்றும் தெரியாது. அவர்கள் திணறிய இரவுகளைப் பாருங்கள். நம் அதிர்ஷ்டம், இரண்டு பேரும் சந்தித்த ஒரு ஆள் இருக்கிறார், பிலடெல்பியாவின் பென்னி பிரிஸ்கோ. 1972-ல் பியூனஸ் அயர்ஸில் பிரிஸ்கோ 9-வது ரவுண்டில் மொன்சோனைத் தள்ளாட வைத்துவிட்டார். மொன்சோன் கட்டிப்பிடித்துச் சமாளித்து, 15 ரவுண்டும் நின்று ஜட்ஜுகள் போட்ட புள்ளியில் ஜெயித்தார். ஹாக்லர் 1978-ல் பிரிஸ்கோவை 10 ரவுண்டில் புள்ளிக் கணக்கில் வென்றார், ஆனால் அப்போது பிரிஸ்கோவுக்கு வயது 35, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஹாக்லருடைய பலவீனம் அடி வாங்குவதில் இல்லை, யோசிப்பதில் இருந்தது. 1985-ல் தாமஸ் ஹெர்ன்ஸை முதல் மணியிலிருந்தே பாய்ந்து மூன்றாவது ரவுண்டில் முடித்த அதே மனிதர், டுரானிடம் அளவுக்கு மீறி நிதானம் காட்டி, 13 ரவுண்டு முடிந்தபோது இரண்டு ஜட்ஜுகளின் புள்ளி அட்டையில் பின்தங்கி இருந்தார். கடைசி இரண்டு ரவுண்டை எடுத்துத்தான் தப்பித்தார்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை, தரையில் அளந்து பார்ப்பது. ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலை இருந்தால் பாதி வேலை மிச்சம், ஒரு கல்லை டேப் வைத்து அளந்துகொண்டால் மீதிக்குக் கல்லை எண்ணினால் போதும். மொன்சோன் உயரம் 5 அடி 11½ அங்குலம், கை விரிப்பு 76 அங்குலம். ஹாக்லர் 5 அடி 9½, விரிப்பு 75. கையில் ஒரு அங்குலம்தான் வித்தியாசம், ஆனால் மொன்சோன் நிமிர்ந்து நின்று இடுப்பிலிருந்து பின்னால் சாய்கிறவர், அந்தச் சாய்வு எதிராளியின் கையிலிருந்து இன்னும் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

இரண்டு பேர் எதிரெதிரே நில்லுங்கள், அடிக்க வேண்டாம், மெதுவாக. மொன்சோனாக நிற்பவர் இடது காலை முன்னால் வைக்கட்டும். ஹாக்லர் பெரும்பாலும் இடக்கைக்காரர் போல நின்று ஆடுபவர், அவராக நிற்பவர் வலது காலை முன்னால் வைக்கட்டும். உடனே தெரியும், இரண்டு முன்னங்காலும் ஒரே கல்லுக்குப் போட்டி போடும். மொன்சோனின் இடது பாதம் ஹாக்லரின் வலது பாதத்துக்கு வெளியே போய் உட்கார்ந்தால், மொன்சோனின் வலது கைக்கு நேர் பாதை கிடைக்கிறது. ஹாக்லரின் பாதம் வெளியே போனால் அவருடைய இடது கைக்கு அந்தப் பாதை. அதைவிட முக்கியமானது, மொன்சோன் தூரம் அளக்க நீட்டுகிற இடது கை இப்போது காலி இடத்துக்குப் போகாது, ஹாக்லரின் வலது ஜாபில் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து) போய் முட்டும். மொன்சோனின் சண்டை முழுக்க அந்த இடது கைமேல்தான் கட்டியிருக்கிறது. இதைச் செய்து பார்க்கிற வரை நான் மொன்சோன் சுலபமாக ஜெயிப்பார் என்றே பேசிக்கொண்டிருந்தேன்.

இனி ரவுண்டு ரவுண்டாக ஓட்டுங்கள். தனியாகச் செய்யாதீர்கள், ஆளுக்கொரு மூலை எடுத்துக்கொள்ளுங்கள், ஒருவர் மொன்சோனின் பயிற்சியாளர் அமில்கார் புருசா, இன்னொருவர் ஹாக்லரைப் பழக்கிய பெட்ரோனெல்லி. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் ஒரு நிமிடத்தில் தன் ஆளுக்கு என்ன சொல்வார் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும், சொன்னதை ஆள் கேட்பாரா என்பதையும் சொல்ல வேண்டும். வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9, சமமானால் இருவருக்கும் 10. காரணம் சொல்ல முடியாத ரவுண்டைத் தள்ளிவிட்டு மறுபடி ஆடுங்கள்.

நான் ஓட்டியது இப்படி வந்தது. முதல் மூன்றும் மொன்சோனுக்கு, ஹாக்லர் டுரானிடம் செய்த மாதிரியே அளந்துகொண்டு நிற்கிறார். 4, 5 ஹாக்லருக்கு, வலது ஜாப் உள்ளே போக ஆரம்பித்துவிட்டது. 6 சமம், 7 மொன்சோன். 8 முதல் 11 வரை ஹாக்லர். அதில் ஒன்பதாவது ரவுண்டில் பிரிஸ்கோவிடம் பட்டது போலவே மொன்சோன் பட்டுக் கட்டிப்பிடிக்கிறார், ரெஃபரி பிரிக்க அவசரப்படவில்லை. 12-லிருந்து கடைசி வரை மொன்சோன். பென்வெனூட்டியை 12-லும் கிரிஃபித்தை 14-லும் முடித்த ஆள் அவர், அந்த நேரத்தில்தான் அவருடைய வலது கை நேராக வந்து விழும். மொன்சோன் 144, ஹாக்லர் 142.

அட்டையைப் பார்த்துவிட்டுத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, 12 ரவுண்டோட நிறுத்திக் கூட்டிப் பாருங்க." கூட்டினேன். ஹாக்லர் 115, மொன்சோன் 114. ஆனால் அப்படி மூன்று ரவுண்டை வெட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 12தான் என்று முன்பே தெரிந்தால் ஹாக்லர் முதல் மூன்றை விட்டுக்கொடுக்க மாட்டார், மொன்சோனும் பத்தாவதிலேயே வேகம் கூட்டுவார். ஊரை லாஸ் வேகாஸ் என்று மாற்றி, கண்டிப்பான ரெஃபரியைப் போட்டு, புது அட்டையில் முதல் மணியிலிருந்து திரும்ப ஓட்டுங்கள்.