எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்

எங்கள் தெருவில் தண்ணீர் வராததைப் பற்றி ஒரு தடவை கட்டுரை எழுதி, பெருமையாக அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "குடிநீர் விநியோகம் தடைபட்டதன் காரணமாகப் பொதுமக்கள் பெரும் அவதிக்குள்ளாகியுள்ளனர்" என்பது முதல் வரி. கீரை ஆய்ந்துகொண்டே கேட்ட அம்மா, "இது யாருடா எழுதினது, தாலுகா ஆபீஸா?" என்றார். அதே அம்மா பத்து நிமிஷம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்காவிடம் அதே கதையைச் சொன்னார்: "மூணு நாளா சொட்டுத் தண்ணி இல்ல, நாலாம் நாள் லாரி வந்தா, அவசரத்துல ஒருத்தி குக்கரைத் தூக்கிட்டு ஓடுறா!" அந்தக் குக்கரை நானும்தான் பார்த்தேன். கட்டுரையில் அதைக் காணோம்.

அதனால் முதலில் சொல்லிப் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள். எதிரில் ஆள் இல்லையென்றால் தங்கைக்கோ நண்பருக்கோ வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதுபோல் சொல்லிவிட்டு, அதைத் திருப்பிக் கேளுங்கள். எதை முதலில் சொன்னீர்கள், எங்கே சிரித்தீர்கள் என்று கவனித்தாலே கட்டுரையின் பாதி வரிசை கிடைத்துவிடும்.

சரி, பேசியதை அப்படியே தட்டச்சு செய்துவிடலாமா என்றால், இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். "வந்துகிட்டு", "வந்துட்டு", "வந்துண்டு" என்று ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. மதுரைக்காரர் பேச்சுத்தமிழில் எழுதியதை யாழ்ப்பாணத்துக்காரர் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும், இரண்டு பத்தி தாண்டினால் மதுரைக்காரருக்கே கண் வலிக்கும். "வந்துகொண்டிருந்தார்" என்றே எழுதுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. மேற்கோளுக்குள் மட்டும் அந்த ஆள் எப்படிப் பேசுவாரோ அப்படியே விட்டுவிடுங்கள்.

பேச்சின் தொனி பெரும்பாலும் இடைச்சொற்களில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அவர் வந்தார்" வெறும் தகவல். "அவரே வந்தார்" என்றால் யாரும் எதிர்பார்க்கவில்லை என்று அர்த்தம். "அவர்தான் வந்தார்" என்றால் வேறு யாரோ வந்திருக்க வேண்டும், வரவில்லை. "அவர் வந்தாராம்" என்றால் நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன், நம்புவது உங்கள் பாடு. ஏ, ஓ, உம், தான், ஆம் இவ்வளவுதான் சாமான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு எழுதும்போது ஏன் மறக்கிறோம் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

எழுதி முடித்ததும் "பட்டது", "பட்டுள்ளது", "மேற்கொள்ள" மூன்றையும் தேடிப் பிடியுங்கள். "முடிவு எடுக்கப்பட்டது" என்றால், யார் எடுத்தார்? தெரிந்தால் அவரை உள்ளே கொண்டுவாருங்கள். எந்த வீட்டிலும் சாம்பார் வைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டு வருவதில்லை.

நீளமான வாக்கியமே கூடாது என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. "விடியற்காலையில் எழுந்து, குடத்தைக் கழுவி, வரிசையில் வைத்து, அதை யாரும் நகர்த்தாமல் இருக்கப் பக்கத்து வீட்டுப் பையனைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, காபி போட உள்ளே போனால் லாரி வந்துவிடும்" என்பது நீளம்தான், ஆனால் மூச்சு முட்டாது. எழுந்து, கழுவி, வைத்து என்ற வினையெச்சங்கள் படிக்கட்டுபோல ஒவ்வொன்றாக இறக்கிவிடும், நாம் கதை சொல்வதே அப்படித்தானே. குடியிருக்கும், வந்த, வைத்த என்று பெயரெச்சத்தை அடுக்கினால் நிலைமை வேறு. "மூன்றாவது தெருவில் குடியிருக்கும் மருமகளோடு சண்டை போட்டுவிட்டு வந்த பாட்டி வைத்த குடம்" என்பதில் குடம் வந்து சேரும்வரை எல்லாரையும் தலையில் சுமக்க வேண்டும். அதற்குள் மூன்றாவது தெருவில் இருப்பது மருமகளா, பாட்டியா என்ற குழப்பம் வேறு. இரண்டாக வெட்டுங்கள்.

பஸ்ஸா பேருந்தா என்ற கேள்விக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். வாயில் எது வருகிறதோ அதை எழுதுங்கள், நடுவில் மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

முடிவில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறோம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியல் போட்டார். அதில் ஒன்று "சென்று தேய்ந்து இறுதல்". நன்றாகத் தொடங்கி, போகப்போக மெலிந்து முடிவது. என் கட்டுரையும் "எனவே நீரின் அருமையை நாம் அனைவரும் உணர்ந்து" என்று ஒரு பத்தி இழுத்துத்தான் தேய்ந்திருந்தது. அதை வெட்டிவிட்டு, குக்கரோடு ஓடியவர் திரும்பி வந்த இடத்தில் நிறுத்தினேன். மூடியை வீட்டிலேயே வைத்துவிட்டு ஓடியிருக்கிறார், பாதித் தண்ணீர் தெருவிலேயே சிந்திவிட்டது.