பெரிய பைக்கா, சின்ன பைக்கா: முன்பணம் கட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் எங்கள் வீடு இருக்கும் சந்தில் ஓர் ஆட்டோ நுழைந்தால், எதிரே வருபவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். வாசலில் செங்குத்தான சிமெண்ட் சாய்தளம். 350 சிசி வண்டி வாங்கிய முதல் மழைக்காலத்தில், ஓர் இரவு அதை வாசல் பக்கம் திருப்பும்போது இடது கால் பாசியில் வழுக்கியது. வண்டி மெதுவாகத்தான் சாய்ந்தது. கொஞ்ச தூரம் வரை கைகள் தாங்கின, பிறகு தாங்கவில்லை. கிளட்ச் லீவர் முறிந்தது. கணுக்கால் வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆனது. இத்தனைக்கும் என்ஜின் அணைந்திருந்தது.

வண்டி வாங்கப் போகிறவர்கள் அது ஓடும்போது எப்படி இருக்கும் என்று மட்டுமே யோசிக்கிறார்கள். தள்ளும்போது, பின்னால் இழுக்கும்போது, நெரிசலான ஸ்டாண்டில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே நுழைக்கும்போது எப்படி இருக்கும் என்று யோசிப்பதில்லை. நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு இதுதான். ஷோரூமில் ஏறி உட்கார்ந்து, கால் தரையில் எட்டுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்துவிடுகிறோம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் இருக்கை உயரம் 805 மில்லிமீட்டர், ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டிக்கு 785. வித்தியாசம் இரண்டே சென்டிமீட்டர். ஆனால் எடை? முன்னது 195 கிலோ, பின்னது சுமார் 112. ஒன்றரை சிமெண்ட் மூட்டைக்கும் மேலான பாரம் கூடுதல். உட்கார்ந்து பார்த்தால் அது தெரியாது. ஸ்டாண்டை எடுத்துவிட்டு, என்ஜினை அணைத்து, பத்தடி பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். உடனே தெரியும்.

சிசி கூடினால் சக்தியும் கூடும் என்று நம்புவது அடுத்த தவறு. 349 சிசி கிளாசிக் தருவது சுமார் 20 குதிரைத்திறன். 199.5 சிசி பல்சர் என்எஸ்200 தருவது 24.5. ஆனால் கிளாசிக்கின் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை, 27 நியூட்டன் மீட்டர், அதுவும் என்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடுகிறது. பல்சரின் 18.7-ஐப் பெற என்ஜினை 8,000 சுற்று வரை முடுக்க வேண்டும். ஆள் ஏற்றிக்கொண்டு கியரை அதிகம் மாற்றாமல் நிதானமாகப் போக முதல் வண்டி சுகம். விரட்டி ஓட்ட இரண்டாவது. என்ஜின் அளவை மட்டும் பார்த்து வாங்குபவர் இந்த இரண்டில் தனக்கு எது வேண்டும் என்று கேட்டுக்கொள்வதே இல்லை.

வருடத்தில் ஒரு பயணத்துக்காகப் பெரிய வண்டி வாங்குவதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. லடாக் போக வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. ஆனால் லேயிலும் மணாலியிலும் வாடகைக்கே வண்டி கிடைக்கிறது. மிச்சமுள்ள முந்நூற்றைம்பது நாளும் அலுவலகம், மார்க்கெட், பள்ளிக்கூட வாசல் என்று அலைவது நாம்தான். அந்த நாட்களுக்கு ஏற்ற வண்டியை வாங்குங்கள்.

செலவைக் கணக்கிடும்போது மைலேஜோடு நின்றுவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 75 முதல் 150 சிசி வரை 714 ரூபாய், 350 வரை 1,366, அதற்கு மேல் 2,804. புது வண்டிக்கு இதை ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். டயர், செயின் விலையும் அதே போல ஏறும். ஸ்பிளெண்டருக்கு எந்த ஊரின் மரத்தடி மெக்கானிக்கும் கை வைப்பார். பெரிய வண்டிக்கு சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாரும் சின்ன வண்டிதான் வாங்க வேண்டும் என்று நினைத்தால் அதுவும் தவறுதான். என் மச்சான் தினமும் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் 100 சிசி வண்டியில் வருகிறார். எண்பதைத் தொடும்போதே என்ஜின் தன் எல்லைக்கு வந்துவிடுகிறது. லாரியை முந்தத் தொடங்கினால் முந்தி முடிக்கத் தெம்பில்லை. பக்கத்துக் காற்று வண்டியையே தள்ளுகிறது. அவர் மைலேஜைப் பார்த்து வாங்கினார். அவருக்கு 160, 200 சிசி வண்டி தேவை என்று நானே பல முறை சொல்லிவிட்டேன். மனைவியை ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை 100 சிசியில் ஏறியவர்களுக்கும் இது புரியும். பிரேக்கையும் கவனிக்க வேண்டும். 2019 ஏப்ரலில் வந்த விதி 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ்ஸை, அதாவது திடீரென பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பை, கட்டாயமாக்கியது. அதற்குக் கீழே பல வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் மட்டுமே உண்டு. நெடுஞ்சாலையில் தினமும் போகிறவர் இந்த வித்தியாசத்தை அலட்சியப்படுத்தக் கூடாது.

பின்னால் உட்காரப் போகிறவரை ஷோரூமுக்கு அழைத்துப் போகாதவர்களே அதிகம். என் அம்மாவுக்கு முழங்கால் வலி. பக்கவாட்டில் உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுப்பு வேண்டும். பெரிய வண்டிகள் சிலவற்றில் பின்னிருக்கை உயர்ந்தும் குறுகியும் இருக்கிறது. அம்மா ஒரு முறை ஏறி இறங்கிக் காட்டியிருந்தால் அன்றே நான் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

சோதனை ஓட்டம் என்று ஷோரூம் வாசலிலிருந்து நேர்ச்சாலையில் ஐந்து நிமிடம் போய் வருவது போதாது. அதே வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் இரண்டு நாள் கேட்டு வாங்குங்கள். காலை ஒன்பது மணி நெரிசலில் ஓட்டுங்கள். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு உங்கள் தெருவில் கால் ஊன்றாமல் திரும்ப முடிகிறதா என்று பாருங்கள். இரவில் களைத்து வந்த பிறகு, நீங்களே தனியாக, அதை உங்கள் வாசற்படி ஏற்றி உள்ளே நிறுத்துங்கள்.