பைபரியில் பலரும் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில், கோல்ன் ஆற்றங்கரையில் அமைந்த பைபரி கிராமத்துக்குச் செல்பவர்களில் பலர், ஆர்லிங்டன் ரோ என்னும் வீட்டு வரிசையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் பேருந்தேறிவிடுகிறார்கள்.

அந்த வரிசை தொடக்கத்திலிருந்தே வீடுகளாக இருந்தது என்று எண்ணுவது முதல் தவறு. ஏறத்தாழ 1380இல் மடாலயத்தின் கம்பளிக் கிடங்காக எழுந்த நீண்ட கட்டடம் அது. 17ஆம் நூற்றாண்டில்தான் நெசவாளர் குடில்களாகப் பிரிக்கப்பட்டது. கூரையில் ஓடுகளைப் போலத் தெரிபவை சுண்ணாம்புக் கல்லில் பிளந்தெடுத்த பலகைகள். விளிம்பில் பெரிய பலகைகளும் உச்சியை நெருங்க நெருங்கச் சிறியவையும் அடுக்கப்பட்டிருப்பதைச் சற்று நின்று கவனித்தால் காணலாம்.

குடில்களுக்கு எதிரே உள்ள ஈரப் புல்வெளியைப் பொருட்படுத்தாமல் போவதே, என் கணிப்பில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. அதன் பெயர் ரேக் ஐல். ரேக் என்பது துணி உலர்த்தும் சட்டம். நெய்த கம்பளித் துணியை அருகிலிருந்த ஆர்லிங்டன் ஆலையில் நனைத்து, அடித்து, இறுகச் செய்தபின், உலரும்போது அது தாறுமாறாகச் சுருங்கிவிடாதபடி சட்டங்களில் இழுத்து மாட்டி இங்கே காயவைத்தார்கள். தறியும் ஆலையும் உலர்களமும் கூப்பிடு தூரத்தில் அமைந்ததற்கு ஆறுதான் காரணம். இன்று அந்தப் புல்வெளி பறவைகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் உரியது என்பதால், படம் எடுப்பதற்காக அதில் இறங்கக் கூடாது.

பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குச் சொந்தமான இக்குடில்களில் இன்றும் மக்கள் வசிக்கிறார்கள். முன்பு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் உட்பக்கத்தில் அச்சான காட்சி என்பதற்காக, யாரோ ஒருவரின் சமையலறை ஜன்னலில் முகம் பதித்துப் பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

19ஆம் நூற்றாண்டின் வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ் இங்கிலாந்தின் மிக அழகிய கிராமம் என்று புகழ்ந்ததாகச் சொல்லப்படுவது இந்த ஒரு வரிசையை அல்ல, ஊர் முழுவதையும். ஆற்றோரமாகச் சிறிது தூரம் நடந்தால், 1066ஆம் ஆண்டு நார்மன் படையெடுப்புக்கு முந்தைய சாக்சன் காலக் கல்வேலையை இன்னும் தாங்கி நிற்கும் புனித மேரி தேவாலயத்தை அடையலாம்; அங்கே கூட்டம் குறைவு.

ஊரில் ரயில் நிலையம் கிடையாது. கெம்பிள் நிலையத்தில் இறங்குபவர்கள் சைரன்செஸ்டர் வழியாகச் சாலையில்தான் வர வேண்டும். திரும்பும் பேருந்தின் நேரத்தைப் பார்க்காமல் கிளம்பினால் டாக்சிக்கு அழ வேண்டியதுதான். சுற்றுலாப் பயணிகள் குவியும் நண்பகலைத் தவிர்த்துக் காலையிலேயே போய்விடுவது நல்லது.

பாலத்தில் நின்று பார்த்தால், தெளிந்த நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நிற்கும் டிரவுட் மீன்கள் தெரியும். அவற்றுக்கு ரொட்டியைப் பிய்த்துப் போட வேண்டாம். மீனுக்குத் தீனி போட்டே தீர வேண்டும் என்பவர்களுக்கு, 1902இல் தொடங்கப்பட்ட டிரவுட் பண்ணை பக்கத்திலேயே இருக்கிறது, அதற்குரிய தீனியையும் அங்கேயே விற்கிறார்கள்.