திருகோணமலையில் நல்ல புரியாணி தேடிப் பிடிப்பது எப்படி?

மாற்றலாகி வருகிற உத்தியோகத்தர்கள், வளாகத்தில் படிக்க வருகிற பிள்ளைகள், நிலாவெளிக் கடலில் இரண்டு நாள் குளித்துவிட்டுப் போக வருகிறவர்கள் என்று எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “இங்க நல்ல புரியாணி எங்க இருக்கு?” நான் கடைப் பெயர் சொல்வதில்லை. போன வருஷம் தேடித் தேடிப் போன கடையில் பண்டாரி, அதாவது புரியாணி சமைக்கிறவர், வேலையை விட்டுப் போய்விட்டால் ருசியும் அவரோடு போய்விடும், பெயர்ப்பலகை மட்டும் அப்படியே தொங்கும். அதனால் பெயருக்குப் பதிலாக, எந்தக் கடையிலும் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்கிற வழியைச் சொல்கிறேன்.

முதலில், எது புரியாணி?

மஞ்சள் கலர் சோற்றின் மேல் பொரித்த கோழிக்கால் ஒன்றை வைத்து, பக்கத்தில் கொஞ்சம் குழம்பு ஊற்றித் தருவதையும் புரியாணி என்றுதான் பல கடைகளில் விற்கிறார்கள். அந்தச் சோற்றுக்கும் அந்தக் கோழிக்கும் அடுப்பில் ஒரு தொடர்பும் இருந்ததில்லை. உண்மையான தம் புரியாணியில் அரிசியைத் தனியாக முக்கால் பதம் அவித்து வடித்து, கிடாரம் என்கிற பெரிய சமையல் பாத்திரத்தின் அடியில் இருக்கும் இறைச்சி மசாலாவின் மேல் பரப்பி, ஆவி வெளியே போகாதபடி மூடியைக் கோதுமை மா பிசைந்து ஒட்டி, கீழே நெருப்பைக் குறைத்து, மூடிக்கு மேலும் தணல் போட்டு விடுவார்கள். மீதிக் கால் பதம் இறைச்சியின் ஆவியில்தான் வேகும். தம் என்பது பாரசீகச் சொல், மூச்சு என்று அர்த்தம்.

இதைத் தெரிந்துகொண்டால் கோப்பையைப் பார்த்தவுடனேயே பாதி விஷயம் புரிந்துவிடும். தம் போட்ட சோறு முழுக்க ஒரே நிறத்தில் இருக்காது. சில பருக்கை வெள்ளை, சில மஞ்சள், அடியில் இருந்து வந்தவை மசாலா ஏறிப் பழுப்பாக இருக்கும். எல்லாப் பருக்கையும் ஒரே மஞ்சள் என்றால் கலரைக் கலந்து பிரட்டியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அரிசியையும் கவனியுங்கள். பாஸ்மதி என்றால் நீளமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்க வேண்டும். நம் ஊரில் கீரிச் சம்பாவிலும் போடுவார்கள், அது சின்னப் பருக்கை, நெய்யையும் மசாலாவையும் நன்றாக இழுக்கும், கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும். கீரிச் சம்பாப் புரியாணியைப் பார்த்து “பருக்கை நீளமில்லையே” என்று குறை சொல்வது சரியில்லை. எனக்கு ஆட்டிறைச்சி என்றால் கீரிச் சம்பா, கோழி என்றால் பாஸ்மதி.

நாளும் நேரமும்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். கிடாரம் திறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்ட புரியாணியும், அதே கிடாரத்தில் பின்னேரம் நாலு மணிக்கு வழித்தெடுத்ததும் வேறு வேறு சாப்பாடு. அதனால் கடைக்குள் போய் முதலில் கேட்க வேண்டியது விலை இல்லை. “நானா, எத்தனை மணிக்குக் கிடாரம் இறக்குவீங்க?” என்று கேளுங்கள். ஒழுங்காகத் தம் போடுகிறவர் உடனே நேரம் சொல்லுவார். “எப்பவும் இருக்கும் தம்பி” என்று பதில் வந்தால் நான் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு எழும்பிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை நம் வீடுகளில் பெரும்பாலும் சைவம், ஆனால் முஸ்லிம் கடைகளில் அன்றைக்குத்தான் புரியாணி மும்முரம். ஜும்மா நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும், தொழுகை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்துக்குக் கணக்காகக் கிடாரம் இறங்கும். அந்தச் சனத்தோடு சேர்ந்து நீங்களும் நில்லுங்கள். நோன்பு மாதத்தில் பகலில் தேடி அலைய வேண்டாம், நோன்பு திறந்த பிறகு போங்கள். போயா என்கிற பௌர்ணமி தினத்தில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும், அதனால் அன்று மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சிப் புரியாணி கேட்டால் வருவது முன்னரே வாங்கி வைத்த இறைச்சியாகத்தான் இருக்கும். இதை நான் படித்தது பட்டுத்தான்: டவுனில் ஒரு கடையில் போயா அன்று பின்னேரம் வாங்கிய ஆட்டிறைச்சிப் புரியாணியில் வெளிச்சோறு சுட்டது, இறைச்சியைக் கடித்தால் நடுவில் குளிர்ந்திருந்தது. பாதியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

யாரிடம் கேட்பது?

ஹோட்டலில் தங்கியிருந்தால் வரவேற்பில் கேட்காதீர்கள், உப்புவெளிப் பக்கத்து வெள்ளைக்காரர் சாப்பிடுகிற இடத்தைத்தான் காட்டுவார்கள். அங்கே இந்தியச் சாப்பாடு நன்றாகவே இருக்கலாம், ஆனால் காரம் குறைத்து, ஆள் கேட்ட பிறகு ஒவ்வொரு கோப்பையாகச் செய்து தருவது வேறு வகை. பஸ் நிலையத்தில் நிற்கிற ஓட்டோக்காரர்களிடம் கேளுங்கள், ஆனால் “எது நல்ல கடை?” என்று கேட்காமல், “நீங்க கடைசியா எங்க சாப்பிட்டீங்க?” என்று கேளுங்கள். அதைவிட நல்ல வழி, கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு சிநேகிதரைப் பிடித்து, அவர்கள் வீட்டுக் கலியாணத்துக்குச் சமைத்த பண்டாரி யார், அவர் கடை ஏதும் நடத்துகிறாரா என்று விசாரிப்பது. 2009ல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவுக்குப் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கிற மிதவையில், ஏறித்தான் போக வேண்டும், இப்போது 396 மீற்றர்ப் பாலத்தில் பஸ் நேரே போகிறது, ஆகவே தூரம் என்று சாட்டுச் சொல்லாதீர்கள்.

கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள்

கிண்ணியாவில் ஒரு சின்னக் கடையின் பின்பக்கம் ஒரு தடவை நிற்கக் கிடைத்தது. பண்டாரி தணலைத் தள்ளிவிட்டு, காய்ந்து ஓடு மாதிரி ஆகியிருந்த மாவை அகப்பைக் காம்பால் சுற்றிவரத் தட்டி உடைத்தார். மூடியைத் தன் பக்கம் சாய்க்காமல் மறுபக்கம் சாய்த்துத் திறந்தார். ஆவி ஒரேயடியாக எழும்பியது, முதலில் நெய்யும் ஏலமும், அதுக்குப் பின்னால்தான் இறைச்சி வாசம். அப்புறம் கரண்டியை விட்டுக் கிளறவில்லை. ஒரு சின்னப் பீங்கானைக் கையில் எடுத்து, கிடாரத்தின் ஓரமாக அடி வரைக்கும் இறக்கி, வெள்ளைச் சோறு, மஞ்சள் சோறு, இறைச்சி மூன்றும் சேர ஒரு வெட்டாக அள்ளினார். ஒரு பருக்கை உடையவில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது இந்த அள்ளுதலைத்தான். மேலாக வழித்துப் போட்டுவிட்டு இறைச்சியை வேறு பாத்திரத்தில் இருந்து எடுத்து வைக்கிறார்களா, அடியில் இருந்து சேர்த்து எடுக்கிறார்களா? எல்லாக் கடையிலும் குசினிக்குள் விடமாட்டார்கள், ஆனால் பார்சல் கட்டுகிற இடத்தில் நின்றாலே இது தெரியும்.

ஓடர் பண்ணுவதும் சாப்பிடுவதும்

முதல் தடவை கோழிப் புரியாணி ஒன்றே ஒன்று, இரண்டு பேருக்கு. எல்லாக் கடையிலும் இருப்பது கோழிதான், ஒப்பிட்டுப் பார்க்க அது வசதி. “அடிச் சோறும் சேர்த்துப் போடுங்க நானா” என்று சொல்லுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

வந்தவுடன் அச்சாறையும் புதினாச் சம்பலையும் சோற்றில் பிசையாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். முதல் நாலு வாய் வெறும் சோறு. அதில் இறைச்சிச் சாறு தெரிகிறதா, உப்பு சோற்றுக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். குழம்பு ஊற்றினால்தான் இறங்கும் என்றால் தம் சரியில்லை. அடுத்தது இறைச்சி, விரலால் அழுத்தினால் எலும்பை விட்டுக் கழர வேண்டும், ஆனால் நூல் நூலாகக் கரைந்திருக்கக் கூடாது. மூன்றாவது கை. கழுவிய பிறகும் விரலில் நெய்யும் கறுவாவும் லேசாக மணந்தால் நல்லது. வெறும் எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் மட்டும் மிஞ்சினால் அந்தக் கடையை விட்டுவிடலாம்.

இப்படி மூன்று நாலு கடை போய், ஒவ்வொன்றிலும் கிடாரம் இறங்குகிற நேரத்தைப் போனில் குறித்து வையுங்கள். பிடித்த கடைக்கு இன்னொரு கிழமையில், வேறு நாளில், இரண்டாம் தடவை போங்கள், ஒரு தடவை நன்றாக வருவது தற்செயலாகவும் இருக்கலாம். இரண்டாம் தடவையும் அதே மாதிரி இருந்தால் பண்டாரியிடம் நேரே போய் நல்லாயிருந்தது என்று சொல்லி, சஹன் போட்டுத் தருவீங்களா என்று கேளுங்கள். முதல் நாளே சொல்லி வைத்தால் பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் முட்டையும் அடுக்கி, கடைசியில் வட்டிலப்பமும் வைத்துத் தருவார்கள். ஐந்தாறு பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில் சாப்பிடலாம், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போங்கள்.