தீனிச் சட்டிக்கு வருவது பருந்தா, வல்லூறா? அடையாளம் காணும் முறை

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு மண்சட்டித் தண்ணீர், பக்கத்தில் ஒரு பிடி கம்பும் குருணையும். தேவிபட்டினம் பக்கம் எங்கள் வீட்டில் கோடை முழுக்க இதுதான் வழக்கம். சிட்டுக்குருவி, தவிட்டுக்குருவி, புள்ளிப்புறா, மைனா, அணில் என்று ஒரு கூட்டமே வரும். கூட்டம் கூடினால் அதைப் பிடித்துத் தின்கிற பறவையும் வரும். நம் ஊரில் வளைந்த அலகோடு எது வந்தாலும் ‘பிராந்து’தான். ஆனால் சட்டிப் பக்கம் பாய்வது பெரும்பாலும் பருந்து அல்ல, வல்லூறு. வைரி என்றும் அதற்குப் பெயர் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் போதும், பாதி வேலை முடிந்தது.

முதல் படி: காதைத் தீட்டுங்கள்

அப்பத்தா அடுப்படியில் இருந்தபடியே, “அணில் கத்துது பாரு, வல்லூறு வந்திருச்சு. குஞ்சுகளக் கூடையப் போட்டு மூடு ஆத்தா” என்பார். வெளியே வந்து பார்த்தால் வேப்பமரத்தில் அது உட்கார்ந்திருக்கும். அணில் விடாமல் ஒரே சுரத்தில் கத்துவது, தவிட்டுக்குருவிகள் புதருக்குள் புகுந்துகொண்டு கூச்சலிடுவது, சட்டியைச் சுற்றி இருந்த பறவைகள் ஒரே நொடியில் மறைவது, இவைதான் அறிகுறி. ஒரு எச்சரிக்கை: கரிச்சான், அதாவது இரட்டைவால் குருவி, வல்லூற்றின் குரலை அப்படியே எடுத்துக் கத்தும். பயந்து ஓடிய மைனாக்கள் விட்டுப்போன இரையைத் தான் எடுத்துக்கொள்ளும். அதனால் குரலை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாம் படி: நிறத்தை விடுங்கள், உருவத்தைப் பாருங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் செய்யும் தவறு நிறத்தில் தொடங்குவது. நம் கடற்கரை வெயிலில், வானத்துக்கு எதிரே எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். இறக்கையையும் வாலையும் பாருங்கள்.

மீன் இறங்கும் கரையில், பாம்பனிலோ மண்டபத்திலோ, அகன்ற நீண்ட இறக்கையை விரித்து வட்டமிடுபவை பருந்துகள். வால் நுனி நடுவில் பிளந்திருந்தால் கரும்பருந்து. வால் நுனி வட்டமாக, தலையும் மார்பும் வெள்ளையாக, மற்ற உடல் செங்கல் நிறமாக இருந்தால் செம்பருந்து, நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன். இவற்றுக்கு மீன் கழிவு கிடைத்தால் போதும். குருவியைத் துரத்துவது இவற்றின் முக்கியத் தொழில் அல்ல. கோழிக்குஞ்சு மட்டும் கவனம்.

வல்லூறு அப்படி அல்ல. மாடப்புறா அளவுதான் இருக்கும். இறக்கை குட்டை, நுனி உருண்டை, வால் நீளம். நாலைந்து முறை படபடவென அடித்து, சற்று மிதந்து, மறுபடி அடிக்கும். உடைமரத்துக்கும் சுவருக்கும் இடையில் தாழப் பறந்து வந்து பாயும்.

மூன்றாம் படி: உட்கார்ந்த பிறகு நுணுக்கம்

ஆண்: முதுகு சாம்பல், கண் சிவப்பு, மார்பில் குறுக்காக மெல்லிய செம்பழுப்புக் கோடுகள். பெண் சற்றுப் பெரியது. கண் மஞ்சள் அல்லது ஆரஞ்சு, முதுகில் பழுப்பு கலந்திருக்கும். இளம் பறவையிடம்தான் எல்லோரும் ஏமாறுவோம். அதன் முதுகு பழுப்பு, மார்பில் கோடு குறுக்கே போகாது; மேலிருந்து கீழாகத் தீற்றலும் புள்ளியுமாக இறங்கும். நானே இரண்டு ஆண்டுகள் அதை வேறொரு பறவை என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்.

நான்காம் படி: அக்காக்குயிலைக் கழித்துவிடுங்கள்

இது வல்லூற்றின் மறுபதிப்பு. சாம்பல் முதுகு, கோடு போட்ட வால், பறக்கும் விதம், வந்து உட்கார்ந்ததும் வாலை இடமும் வலமும் ஆட்டுவது, எல்லாமே ஒன்று. அலகைப் பாருங்கள். வல்லூற்றுக்குக் கொக்கி போல் வளைந்த அலகு, கூரிய நகங்கள். அக்காக்குயிலுக்குக் குயிலின் அலகு. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிடுவதால், அது வந்தாலும் தவிட்டுக்குருவிகள் கத்தும்.

வயல்வெளியில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும் வெள்ளைப் பறவை, தோள் கறுப்பாக இருந்தால், கருந்தோள் பருந்து. அது எலியைத் தேடுகிறது, உங்கள் சட்டியை அல்ல. குளிர்காலத்தில் சக்கரக்கோட்டை போன்ற கண்மாய்களின் மேல் தாழ மிதப்பது சேற்றுப் பூனைப்பருந்து. அதுவும் வீட்டுப் பக்கம் வராது.

வல்லூறு தினமும் வந்தால்?

கவண் எடுக்காதீர்கள். அது ஓணானையும் எலியையும் சேர்த்தே பிடிக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். ஒரு வாரம் தீனி வைப்பதை நிறுத்துங்கள். குருவிகள் கலைந்ததும் வல்லூறும் இடம் மாறும். தண்ணீரை மட்டும் நிறுத்த வேண்டாம், சித்திரை வெயிலில் அது பாவம். திரும்ப வைக்கும்போது, சட்டியை வெட்டவெளிச் சுவரிலிருந்து முள்மரத்துக்கு நாலைந்து அடி பக்கத்தில் நகர்த்துங்கள். பாய்ச்சல் வந்ததும் குருவி உள்ளே நுழைந்துகொள்ளும். பூனை பதுங்க இடம் இல்லையா என்று மட்டும் மரத்தடியை ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.