தங்கையின் உதவித்தொகை போன இடம்

பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகை என் தங்கைக்கு வந்திருக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் வரம்புக்குள்தான், விண்ணப்பமும் ஏற்கப்பட்டுவிட்டது. பணத்தைத்தான் காணோம். "ஆதார் இணைத்துத்தானே இருக்கிறது" என்று வங்கியில் கையை விரித்தார்கள்.

அடையாளச் சரிபார்ப்புக்காக ஆதாரைச் சேர்ப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேர்வதற்காக இணைப்பது வேறு. பின்னது ஓர் ஆதாருக்கு ஒரு வங்கியில்தான் நிற்கும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தோம். (ஓடிபி வர, ஆதாரில் பதிந்த கைபேசி எண் பயன்பாட்டில் இருக்க வேண்டும், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது அப்பாவின் எண்!) பள்ளி நாளில் தொடங்கி மறந்துபோன கணக்கு இருந்த வங்கியை அது காட்டியது. அங்கே போய்ப் பாஸ்புக்கில் பதிவிட்டால், பணம் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. எடுத்துக்கொண்டு, இப்போதைய கிளையில் இணைப்புப் படிவம் கொடுத்து ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்கினோம்.