சோரியாசிஸ்: தேய்ச்சா போகாது, தேய்ச்சா தான் வரும்

போன வாரம் ஸ்கின் ஓபில டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருந்தேன், பக்கத்துல காலேஜ் படிக்கிற பையன், முழங்கையில ரெண்டு ரூபா காசு அளவுக்கு ஒரு திட்டு, வெள்ளைச் செதிலை நகத்தால ஒவ்வொண்ணா பேத்து கீழ தட்டிட்டே இருக்கான். அது சோரியாசிஸ், தோல் செல்லு வேகமா வளர்ந்து செதில் செதிலா குவியுற நோய். எனக்கும் அது இருக்கு, 12 வருஷத்துக்கு முன்னாடி நானும் இப்படித்தான். "கையை எடுப்பா தம்பி"ன்னேன், மொறைச்சான்.

குடிக்காதீங்க, சிகரெட் பிடிக்காதீங்க, டென்ஷன் ஆகாதீங்க, அதெல்லாம் டாக்டரே சொல்லுவாங்க, விடுங்க. நாம பண்ற மத்த தப்பை ஒவ்வொண்ணா சொல்றேன்.

செதிலைத் தேய்ச்சு எடுக்கிறது

இது தான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல். தங்கச்சி கல்யாணத்துக்கு 3 வாரம் இருக்கு, "செதில் சுத்தமா போனா தான்டா மருந்து உள்ள எறங்கும்"னு சொந்தக்காரர் ஒருத்தர் சொல்ல, நானும் பீர்க்கங்காய் நாரு, அது பத்தாம கால் தேய்க்கிற கல்லுன்னு எடுத்து முழங்காலைத் தினம் தேய்ச்சேன். செதில் போச்சு, அடியில செக்கச்செவேல்னு தோலு, அதுல ஊசி குத்துன மாதிரி புள்ளி புள்ளியா ரத்தம். அதுக்கு ஆஸ்பிட்ஸ் அறிகுறின்னு பேரே இருக்கு, ரத்தக்குழாய் நுனி இருக்கிற இடத்துல மேல்தோல் அவ்வளவு மெலிஞ்சிருக்கும். கல்யாணத்தன்னிக்கு வேட்டி கட்டும்போது பார்க்கிறேன், அதுவரைக்கும் சுத்தமா இருந்த கெண்டைக்கால்ல கோடு கோடா புதுசா செதில், நான் சொறிஞ்ச நாலு விரல் தடமும் அப்படியே நாலு கோடு!

இது தான் கோப்னர் விளைவு, ஜெர்மன் டாக்டர் ஹென்ரிக் கோப்னர் 1870கள்லயே சொல்லிட்டுப் போயிட்டாரு. கீறல், தையல், பச்சை குத்தினது, வெயில்ல வெந்தது, எதுவா இருந்தாலும் பெரும்பாலும் 10 - 20 நாள்ல அந்தத் தழும்பு மேலயே திட்டு வரும், சோரியாசிஸ் இருக்கிற எல்லாருக்கும் இப்படி வராது, ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு. சோரியாசிஸ் இல்லாதவங்களுக்கு காயம் ஆறினதும் உள்ள நடக்கிற கலாட்டா அடங்கிடும், நமக்கு அடங்காது, டி செல்லுங்க, அதாவது நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள், ஐஎல் 17 மாதிரி அழற்சியைக் கிளப்புற ரசாயனத்தை விட்டுக்கிட்டே இருக்கும், மேல வந்து உதிர ஒரு மாசம் ஆக வேண்டிய தோல் செல்லு 3, 4 நாள்ல அரைவேக்காடா மேல வந்து குவியும், செதில் அது தான். முதல்ல குண்டூசித்தலை அளவு பரு, அப்புறம் ஓரம் வெளிய நகர்ந்து பக்கத்துத் திட்டோட சேர்ந்துக்கும். செதில் விழுந்து பரவுதுங்கிறது கட்டுக்கதை. பால் பொங்குதுன்னு வழிஞ்சதைத் துடைச்சுக்கிட்டே அடுப்புல விறகு தள்ளுற வேலை தான் நான் பண்ணது.

காசளவு ரெண்டு திட்டு காலு முழுக்க ஆச்சு. 311 நானோமீட்டர் புற ஊதா லைட் ட்ரீட்மென்ட், வாரம் 3 நாள், 4 மாசம், ஒவ்வொரு தடவையும் அரைநாள் லீவு. செதில் போகணும்னா டாக்டர் தர்ற சாலிசிலிக் ஆயின்மென்ட்டோ வாசலினோ போட்டு ஊற விடுங்க, தானா கழண்டு வரும். அரைஞாண் கயிறு, இறுக்கமான பெல்ட்டு உரசுற இடத்தையும் ஒரு தடவை பாருங்க.

படைன்னு நினைக்கிறது

மாநிறத்துல சிவப்பு சரியா தெரியாது, ஊதா கலந்த கருப்பா இருக்கும். படை க்ரீம் போட்டே ஒரு வருஷம் ஓட்டினவங்க எனக்குத் தெரியும்.

மருந்தை டக்குனு நிறுத்துறது

திட்டு மறைஞ்சாலும் அந்த இடத்துல சில டி செல்லுங்க ஞாபகத்தோட தங்கிடும், அதனால தான் வந்த இடத்துலயே திரும்ப வருது. மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை போட்டுட்டு திடீர்னு விட்டீங்கன்னா சிலருக்கு உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளமோ, தலை முதல் கால் வரை சிவந்து போறதோ நடக்கும், அட்மிட் ஆகணும்.

தொண்டை வலியை விடுறது

பசங்களுக்கு ஸ்ட்ரெப்ங்கிற பாக்டீரியாவால தொண்டை வலி வந்து 2, 3 வாரத்துல மழைத்துளி தெறிச்ச மாதிரி சின்னச் சின்னத் திட்டு உடம்பு பூரா வரலாம்.

நகத்துல குழி, காலையில விரல் இறுக்கம்

சோரியாசிஸ் மூட்டுக்கும் போயிருக்கலாம், அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க, மூட்டு போனா திரும்ப வராது.

தனித் தட்டு, தனித் துண்டு

ஒட்டாது. என் வீட்டுக்காரி 9 வருஷமா என் துண்டுல தான் முகம் துடைக்கிறா, வேணாம்னு நான் தான் கத்துறேன், அது வேற காரணத்துக்கு.